மீன்தூளைக் குறைத்த பிறகு குளத்தில் கோளாறா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மீன்தூள் விலை ஏற ஏற, மீன் வளர்ப்பவர்கள் சோயாவுக்கும் புண்ணாக்குக்கும் மாறுவது இயல்புதான். அதில் தவறு எதுவும் இல்லை. கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா எல்லாம் மீன்தூள் மிகக் குறைவாக இருந்தாலும், சரியாகக் கலந்தால் மீன்தூளே இல்லாவிட்டாலும் வளரும் இனங்கள். அமெரிக்காவில் கெளுத்தி வளர்ப்பு பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கை நம்பித்தான் நடக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூட்டையில் அச்சடித்திருக்கும் புரத சதவீதத்தை மட்டும் பார்த்து ஆளுக்கு ஆள் மாற்றுவது போல மாற்றும்போது. மீன்தூள் வெளியே போகும்போது அதோடு மெத்தியோனின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று), பாஸ்பரஸ், டாரின் என்ற சத்து, மீனைத் தீவனத்துக்கு இழுக்கும் வாசனை எல்லாம் சேர்ந்தே போய்விடுகின்றன. சோயாவும் புண்ணாக்கும் உள்ளே வரும்போது பைட்டேட் (பாஸ்பரஸைப் பூட்டிவைக்கும் தாவரப் பொருள்), டிரிப்சின் தடுப்பான் (செரிமானத்தைத் தடுப்பது), சப்போனின் (கசப்புப் பொருள்), பூஞ்சை நஞ்சு என்று இதுவரை இல்லாத சரக்கும் கூடவே வருகிறது. குளத்தில் என்ன கோளாறு தெரிந்தாலும், "எது வெளியே போனது, எது உள்ளே வந்தது?" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். கடையில் விற்கும் சேர்க்கைப் பொட்டலத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். விடியற்காலை 5 மணிக்குக் கரைக்குப் போய் நின்று, மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா என்று கவனியுங்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல தீவனத்தையும் மீன் தொடாது. தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அம்மோனியாவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் கீழே உள்ளவை உங்களுக்குப் பயன்படும்.

அடுத்து, கோளாறு எப்போது ஆரம்பித்தது? தீவனம் மாறிய மறுநாளே மீன் வரவில்லை என்றால் அது சுவைச் சிக்கல். மூன்று நான்கு வாரம் கழித்து எடை நின்றால் அமினோ அமிலமோ செரிமானமோ காரணம். இரண்டு மூன்று மாதம் கழித்து எலும்பு வளைந்தாலோ கண் வெளுத்தாலோ தாது உப்பையும் வைட்டமினையும் பார்க்க வேண்டும். இந்தக் கால இடைவெளி மிக நல்ல துப்பு. பலர் இதைக் குறித்துவைப்பதே இல்லை.

இன்னொன்று: சாணமும் உரமும் போட்டு மிதவை உயிரி செழித்த மண் குளத்தில் இந்தக் குறைகள் வெளியே தெரியாது. மீன் குளத்திலிருந்தே கொஞ்சம் சத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும். அதே தீவனத்தைத் தார்ப்பாய்த் தொட்டியிலோ அணைக்கட்டில் கட்டிய மிதவைக் கூண்டிலோ போட்டால் எல்லாக் குறையும் அப்பட்டமாகத் தெரியும். "பக்கத்துப் பண்ணையில் இதே தீவனம்தான், அங்கே ஒன்றும் ஆகவில்லையே" என்ற கேள்விக்கு பெரும்பாலும் இதுதான் பதில்.

தீவனம் போட்டால் மீன் வரவில்லை, அல்லது வாயில் வாங்கித் துப்புகிறது

துப்புவதை அருகில் நின்று பாருங்கள். வாங்கி உடனே துப்பிவிட்டு மறுபடி அதே தீவனக் குச்சியை வாங்கினால் அளவோ கடினமோதான் பிரச்சினை. வாய்க்குப் பெரிதாக இருக்கும், அல்லது காய்ந்து கல்லாகியிருக்கும். வாங்கித் துப்பிவிட்டு விலகிப் போனால் சுவை பிடிக்கவில்லை.

கடுகுப் புண்ணாக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் அதன் காரமும் கசப்பும் மீனை விரட்டும். சோயாவில் உள்ள சப்போனினும் கசப்புதான். திலேப்பியா இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. விராலும் கொடுவாவும் உடனே காட்டிவிடும்.

சரிசெய்ய முதல் வழி செலவில்லாதது: ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தீவனம் மூன்று பங்கு, புதியது ஒரு பங்கு என்று ஆரம்பித்து, ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் 100 கிலோவுக்கு 3 முதல் 5 கிலோ நல்ல மீன்தூளைத் திரும்பச் சேருங்கள். இங்கே அந்த மீன்தூள் புரதத்துக்காக அல்ல, மணத்துக்காக. கணவாய்த் தூள், இறால் தலைத் தூள், பீட்டைன் ஆகியவையும் ஈர்ப்பானாக வேலை செய்யும். வெல்லப்பாகு கலந்தால் குச்சி கெட்டியாகப் பிடிக்கும், தூசி குறையும். மாமிசம் தின்னும் மீனைக் கூப்பிட அது போதாது.

நன்றாகத் தின்கிறது, எடை மட்டும் ஏறவில்லை

அதிகம் பேர் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். வலை போட்டு முப்பது மீனை எடுத்து எடை பார்க்கிறார்கள், போன மாத எடையிலிருந்து அதிகம் நகரவில்லை, தீவனக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இதற்குக் காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம். வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், அச்சிட்ட புரதம் உண்மையான புரதமா? ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். ஆகவே புண்ணாக்கில் யூரியாவைக் கலந்துவிட்டால் புரத சதவீதம் காகிதத்தில் உயர்ந்துவிடும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். மீனுக்கு அது சல்லிக்காசு பிரயோஜனமில்லை, குளத்தில் அம்மோனியாவாகத்தான் வந்து சேரும். இதைக் கண்டுபிடிக்கக் கரையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சந்தேகப்படும் கடலைப் புண்ணாக்கையோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையோ தூளாக்கி இரண்டு ஸ்பூன் எடுங்கள். வறுக்காத பச்சைச் சோயாப் பயறை அரைத்து ஒரு ஸ்பூன் சேருங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூடிய பாட்டிலில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் அதில் யூரியா இருக்கிறது. பச்சைச் சோயாவில் உள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குவதுதான் இந்த நெடி. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சைச் சோயாவும் தண்ணீரும் மட்டும் போட்ட இன்னொரு பாட்டிலும் பக்கத்தில் இருக்கட்டும். 45 சதவீதம் புரதம் என்று எழுதி, சந்தை விலையைவிட மலிவாக ஒரு வியாபாரி கொடுத்த புண்ணாக்கில் இந்த நெடி கண்ணீர் வரும் அளவுக்கு அடித்ததைப் பார்த்திருக்கிறேன். மலிவான புரதத்தை வாங்கும்போது இந்த 20 நிமிடத்தைச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது, சோயா சரியாக வெந்ததா? பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் உண்டு. அது மீனின் செரிமான நொதியையே கட்டிப்போட்டுவிடும். தின்றது தின்றபடியே வெளியேறும். வெப்பம் அதை அழிக்கும். அழிந்ததா என்று பார்க்க மேலே சொன்ன சோதனையைத் திருப்பிப் போட்டால் போதும். இந்த முறை சோயாப் புண்ணாக்கை எடுத்துக்கொண்டு அதில் யூரியாவைச் சேருங்கள். வேகாத சோயாவில் யூரியேஸ் உயிரோடு இருக்கும், நெடி தூக்கியடிக்கும். நன்றாக வெந்ததில் யூரியேஸும் தடுப்பானும் சேர்ந்தே செயலிழந்திருக்கும். ஆய்வகத்தில் இதையே அமிலகாரக் குறியீட்டு (pH) உயர்வாக அளப்பார்கள், 0.05 முதல் 0.20 வரை இருப்பது நல்ல சரக்கு. வீட்டில் முழுச் சோயாவை வறுத்துப் போடுபவர்கள், டிராக்டரில் ஏற்றிவந்து கிராமத்தில் பிழிந்து கொடுக்கும் சிறு ஆலைச் சரக்கை வாங்குபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது.

நெடியே வரவில்லை என்பதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. அதிகம் வெந்து கருகிய சோயாவிலும் நெடி வராது. அதில் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து மீனுக்கு எட்டாமல் போயிருக்கும். நிறம் பார்த்தே ஓரளவு சொல்லலாம்: நல்ல சோயாப் புண்ணாக்கு இளம் பொன்னிறம், காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விட்டால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, அமினோ அமிலக் கணக்கு. 100 கிலோ தீவனத்தில் 60 சதவீதப் புரதமுள்ள மீன்தூள் 20 கிலோ போட்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 கிலோ புரதம். அதே 12 கிலோவைச் சோயாவில் எடுக்க ஏறத்தாழ 26 கிலோ வேண்டும். புரதக் கணக்கு நேராகிவிட்டது. மெத்தியோனினைப் பாருங்கள்: 20 கிலோ மீன்தூளில் சுமார் 330 கிராம் இருந்தது, 26 கிலோ சோயாவில் சுமார் 160 கிராம்தான் இருக்கிறது. பாதி காணோம். மீன் தன் சதையைக் கட்டும்போது எந்த அமினோ அமிலம் குறைகிறதோ அந்த அளவோடு நின்றுவிடும். மிச்சப் புரதம் எரிந்து அம்மோனியாவாகக் குளத்துக்குத்தான் போகும். எடை நின்று, அம்மோனியாவும் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெத்தியோனினை.

கடலைப் புண்ணாக்கை அதிகம் நம்பினால் நிலைமை இன்னும் மோசம். அதில் மெத்தியோனினோடு லைசினும் குறைவு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் பாதிக்குப் பாதி என்ற பழைய கலவை, அடர்த்தி குறைவாக விட்ட கெண்டைக் குளத்தில் ஓடியதற்குக் காரணம் அந்தக் குளத்தின் இயற்கை உணவு. ஏக்கருக்கு விடும் குஞ்சுகளை இரண்டு மூன்று மடங்காக்கிவிட்டு அதே கலவையை எதிர்பார்க்க முடியாது.

குறையைத் தீர்க்க இரண்டு வழி. ஒன்று, ஆலைகளில் கிடைக்கும் டிஎல்-மெத்தியோனினை மேலே காட்டியது போலக் கணக்குப் போட்டு, குறைந்த அளவுக்கு மட்டும் சேர்ப்பது. இந்தக் கணக்கில் 100 கிலோவுக்கு 170 கிராம் அளவில் வருகிறது. இன்னொன்று எனக்குப் பிடித்த வழி: எள்ளுப் புண்ணாக்கு. சோயாப் புரதத்தில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு, எள்ளில் நேர்மாறு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நல்லெண்ணெய்ச் செக்குகள் இருக்கும் ஊர்களில் இது சுலபமாகக் கிடைக்கும். ஆனால் எள்ளில் பைட்டேட் அதிகம். ஆகவே 100க்கு 10 கிலோவை ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, எத்தனை வேளை போடுகிறீர்கள்? கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுக்கு வயிறே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். தனியாகச் சேர்த்த மெத்தியோனின் வேகமாக உறிஞ்சப்பட்டு, புண்ணாக்குப் புரதம் செரித்து வருவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். தண்ணீரிலும் கொஞ்சம் கரைந்துபோகும். ஒரே வேளையாகக் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட்டால் இந்த இழப்பு பெருமளவு குறையும். கூடுதல் செலவு ஆள் கூலி மட்டும்தான்.

முதுகு வளைகிறது, செவுள் மூடி குட்டையாகிறது, எலும்பு மெத்தென்று இருக்கிறது

முதலில் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்த குறையா என்று பிரித்துப் பாருங்கள். விட்ட நாளிலிருந்தே சில மீன் வளைந்திருந்து அந்த எண்ணிக்கை அப்படியே நின்றால் அது விதைக் குறை. நேராக இருந்த மீன் வளரவளர வளைந்தால் தீவனம். மேட்டு வயலிலிருந்து பூச்சிமருந்து கலந்த தண்ணீர் வந்தாலும் முதுகு வளையும். அக்கம்பக்கம் மருந்து அடித்த தேதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தீவனம்தான் என்றால் இரண்டு சந்தேகம். ஒரு மீனை அறுத்து விலா எலும்பை விரலால் வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் ரப்பர் போல வளைந்தால் பாஸ்பரஸ் குறை. முதுகெலும்பு வளைந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்து, செவுள் மூடியும் குட்டையாக இருந்தால் வைட்டமின் சி குறை.

தாவரப் பொருளில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் என்ற நொதி மீனிடம் போதுமான அளவு இல்லை. முன்பு சொன்ன அதே மாற்றத்தில், 20 கிலோ மீன்தூளோடு அரைக் கிலோவுக்கும் மேல் பாஸ்பரஸ் வெளியே போனது. 26 கிலோ சோயாவில் உள்ளே வந்தது 170 கிராம் அளவு, அதிலும் பெரும்பங்கு பூட்டிய நிலையில்.

இங்கேதான் மீன் இனம் பார்த்துச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைட்டேஸ் நொதி அமிலம் உள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும். திலேப்பியா, பங்காசியஸ், விரால், கொடுவா ஆகியவற்றுக்கு அமில வயிறு உண்டு. கிலோ தீவனத்துக்கு 500 முதல் 1000 அலகு பைட்டேஸ் நல்ல பலன் தரும். வயிறில்லாத கெண்டை இனங்களில் குடல் கிட்டத்தட்ட நடுநிலையில் இருப்பதால் பைட்டேஸ் தனியாகப் போட்டால் பலன் குறைவு. மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகுக் குஞ்சுகளுக்குப் பைட்டேஸோடு சிட்ரிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது தாதுக்கள் கூடுதலாக உடம்பில் ஏறின. சொந்தக் கலவை செய்பவருக்கு அதைவிட எளிய வழி, நேரடியாகப் பாஸ்பேட் சேர்ப்பது. அதிலும் வேறுபாடு உண்டு: சாதாக்கெண்டையில் மோனோ கால்சியம் பாஸ்பேட்டிலுள்ள பாஸ்பரஸில் 94 சதவீதம் கிடைக்கிறது, டைகால்சியம் பாஸ்பேட்டில் 46, ட்ரைகால்சியத்தில் 13 தான். கோழித் தீவனக் கடையில் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டு, "பாஸ்பரஸ் போட்டும் வளைகிறது" என்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். கெண்டைக்கு மோனோ வகை, 100 கிலோவுக்கு 1 முதல் 2 கிலோ.

பைட்டேஸைக் குச்சி போடும் இயந்திரத்தில் மாவோடு கலந்தால் 80 டிகிரிக்கு மேலான சூட்டில் பெரும்பகுதி செத்துப்போகும். குச்சி ஆறிய பிறகு கொஞ்சம் தண்ணீரிலோ எண்ணெயிலோ கலந்து மேலே தெளியுங்கள். வைட்டமின் சி-க்கும் இதே கதை. சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் ஈரத்திலும் கரைந்து போய்விடும். பாஸ்பேட்டோடு பிணைத்த வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வளைந்த மீன் நிமிராது. அதை எதிர்பார்க்காதீர்கள். புதிதாக வளைவது நிற்கிறதா என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

முதுகுச் சதை வற்றி, தலை பெருத்து, உடம்பு கத்திபோல் ஒடுங்குகிறது

கெண்டையைக் கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். முதுகின் இருபக்கமும் புடைத்திருக்க வேண்டிய சதை வற்றி, நடு எலும்பு விரலுக்குத் தட்டுப்படும். பட்டினி மீன் என்று நினைப்பீர்கள். அறுத்தால் குடல் நிறையத் தீவனம் இருக்கும். இது கெட்டுப்போன எண்ணெயின் வேலை. ஜப்பானில் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தின்ன கெண்டைகளில் இந்த நோயைக் கண்டு, புழுவில் இருந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டதும் அது வைட்டமின் ஈ-யைத் தின்று தீர்த்ததும்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழுக் கழிவைத் தீவனத்தில் சேர்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய் எடுத்த, உலர்ந்த சரக்கு நல்ல புரதம், ஈரமும் எண்ணெயுமாகக் குவித்துவைத்த சரக்கு ஆபத்து.

நம் ஊரில் இதைவிடப் பெரிய குற்றவாளி பச்சைத் தவிடு. நெல் அரைத்த கணமே தவிட்டில் உள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும். டெல்டாவில் அரவை ஆலையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்கிவைத்தால், கடைசி மூட்டையைத் திறக்கும்போது சிக்கு வாடை முகத்தில் அடிக்கும். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். புதுத் தவிட்டில் லேசான இனிப்பு மணம் இருக்கும். சிக்கு வாடை வந்தால் அந்த மூட்டை குளத்துக்குப் போகக்கூடாது. அரைத்த சில நாட்களுக்குள் போட்டுத் தீர்க்க முடிந்தால் பச்சைத் தவிடு. முடியாவிட்டால் எண்ணெய் நீக்கிய தவிடு. பாதிக்கப்பட்ட மீனுக்கு நல்ல எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தால் சதை திரும்பும்.

கழிவு நூலாகத் தொங்குகிறது, அல்லது மேலே மிதக்கிறது

கொத்தவரை விதைப் புண்ணாக்கு அளவுக்கு மீறினாலோ, கெட்டிப்படுத்தக் கொத்தவரைப் பசையைச் சேர்த்தாலோ குடலில் கூழ் போலப் பிசுபிசுக்கும்; செரிமானம் தடைபடும். முதலில் அதைக் குறையுங்கள். மக்காச்சோளம், கோதுமைத் தவிடு அதிகமுள்ள கலவைக்கு, நார்ச்சத்தை உடைக்கும் சைலனேஸ் நொதி உதவும். மாவை வேகவைக்காமல் போட்டாலும் கழிவு இளகும். மரவள்ளி மாவையோ மக்காச்சோள மாவையோ கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்த்தால் ஒட்டும் நன்றாக இருக்கும், செரிமானமும் நன்றாக இருக்கும்.

கழிவு வெள்ளை நூலாக, உள்ளே ஒன்றுமில்லாமல் தொங்கினால் குடல் புழு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். புழு இல்லாமல், மாமிசம் தின்னும் மீனின் பின்குடல் சிவந்து வீங்கியிருந்தால் சோயாவில் உள்ள சப்போனினைச் சந்தேகிக்கலாம். நார்வேயில் சால்மன் வளர்ப்பில் முழுக்க ஆராயப்பட்ட விஷயம் இது. சப்போனின் சூட்டுக்கு அசையாது, ஆகவே இன்னும் வறுத்துப் பயனில்லை. ஆல்கஹாலில் கழுவி எடுத்த சோயாப் புரதச் செறிவில் அது நீங்கிவிடுகிறது. கொடுவா, விரால் வளர்ப்பவர்கள் சாதாரணச் சோயாவின் அளவைக் குறைத்து, மிச்சத்தைச் செறிவிலோ மீன்தூளிலோ எடுப்பது நல்லது.

ஈரல் நிறம் மாறுகிறது

மாதம் ஒரு மீனையாவது அறுத்து ஈரலைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நல்ல ஈரல் செம்பழுப்பு. வெளுத்து மஞ்சளாகி, விரல் பட்டதும் வெண்ணெய் போலக் குழைந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. மாவுச்சத்து அதிகம், அல்லது கோலின் என்ற வைட்டமின் வகைச் சத்தும் மெத்தியோனினும் குறைவு, அல்லது தேவைக்கு மேல் தீவனம். பங்காசியஸிலும் நட்டர் மீனிலும் வயிறு முழுக்கக் கொழுப்புத் திரள் இருந்தால் தீவனத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து.

ஈரல் வெளுத்து, செவுளும் வெளுத்து, சிறு காயத்திலேயே ரத்தம் நிற்காமல் கசிந்தால் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைச் சந்தேகியுங்கள். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூன்றிலும் வரும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குப் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம்; அதே காலத்தில் அமெரிக்க டிரவுட் பண்ணைகளில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு தின்ற மீன்களுக்கு ஈரல் புற்று வந்தது. கெண்டையும் திலேப்பியாவும் டிரவுட்டைவிடத் தாங்கும். தாங்குவதால்தான் நாம் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம்.

பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம். வேகவைத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு சாகாது. பென்டோனைட் போன்ற களிமண் சேர்க்கை அஃப்லாடாக்சினை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், 100 கிலோவுக்கு 250 முதல் 500 கிராம். மக்காச்சோளத்தில் வரும் வேறு பல பூஞ்சை நஞ்சுகளிடம் அந்தக் களிமண்ணுக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. உண்மையான தீர்வு கிடங்கில்தான் இருக்கிறது: ஈரப்பதம் 11, 12 சதவீதத்துக்கு மேல் போகாமல், சுவரை ஒட்டாமல், மரப்பலகை மேல் அடுக்குவது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையிருப்பைக் குறைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

ஈரல் பச்சையானால் அது தனிக் கதை. ஜப்பானில் கடல்மீன் வளர்ப்பில் மீன்தூள் இல்லாத தீவனத்தைக் கொடுத்தபோது ஈரல் பச்சையாகி, ரத்தசோகையும் வந்தது. டாரின் சேர்த்ததும் தீர்ந்தது. தாவரப் புரதத்தில் டாரின் கிட்டத்தட்ட இல்லை. கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் இது பெரிய கவலை இல்லை. கொடுவாவுக்கு மீன்தூளை வெகுவாகக் குறைப்பவர்கள் டாரினைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் கோசிப்பால் என்ற நஞ்சும் உண்டு. அது லைசினைப் பிணைத்துவிடும். வளர்ப்பு மீனுக்கு அளவோடு போடலாம். தாய் மீனுக்குப் போடாதீர்கள்.

கண்ணில் வெண்படலம், துடுப்பு ஓரம் அரிப்பு

பைட்டேட் பாஸ்பரஸோடு துத்தநாகத்தையும் பூட்டிவைக்கும். மெத்தியோனின் குறைவாலும் கண் வெளுக்கும் என்பதால், முதலில் மேலே சொன்ன மெத்தியோனின் கணக்கைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் தாது உப்புக் கலவையில் துத்தநாகம் எவ்வளவு என்று சீட்டில் பாருங்கள். கால்நடைக்கான கலவையை மீனுக்குப் போடுபவர்கள் அதில் கால்சியம் மிக அதிகம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கால்சியம் கூடக்கூடத் துத்தநாகம் இன்னும் கிடைக்காமல் போகும்.

தண்ணீர் கரும்பச்சையாகிறது, மீனில் மண்வாடை

செரிக்காத பாஸ்பரஸ் குளத்துக்குத்தான் போகும், நீலப்பச்சைப் பாசிக்குத் தீனியாகும். அந்தப் பாசிதான் மண்வாடைக்குக் காரணமான ஜியோஸ்மினை உண்டாக்குவது. குச்சி சீக்கிரம் கரைந்தாலும் இதே விளைவு. ஒரு கண்ணாடி டம்ளரில் பத்துக் குச்சியைப் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். மூழ்கும் தீவனம் அதற்குள் கூழாகிவிட்டால் மாவை இன்னும் நைசாக அரைக்க வேண்டும், ஒட்டுமாவை வேகவைக்க வேண்டும். பங்காசியஸ் சதை மஞ்சளானால் மக்காச்சோள குளூட்டனைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். நிறம் அங்கிருந்துதான் வருகிறது.

சேர்க்கைகளை வாங்கும்போது

எல்லாக் கோளாறுக்கும் ஒரே பொட்டலம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு குறிப்பிட்ட குறைக்கு. சீட்டில் நொதி என்றால் கிலோவுக்கு எத்தனை அலகு, அமினோ அமிலம் என்றால் எத்தனை சதவீதத் தூய்மை, வைட்டமின் சி என்றால் எந்த வடிவம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிராத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று மீன்தான் சொல்ல வேண்டியிருக்கும். வளர்ச்சிக்கு என்று ஆன்டிபயாடிக் கலந்து தருபவரை அண்டவிடாதீர்கள். குளோராம்பெனிக்கால், நைட்ரோப்யூரான் இரண்டும் உணவுக்கான மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை.

சரியானதா என்று எப்படித் தெரியும்?

ஒரே நேரத்தில் மெத்தியோனின், பைட்டேஸ், களிமண் மூன்றையும் சேர்த்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த போகத்திலும் மூன்றுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரே குளத்தில் இரண்டு ஹாப்பா (சிறு வலைக்கூண்டு) கட்டுங்கள். ஒரே அளவு மீனை எண்ணி விடுங்கள். ஒன்றில் பழைய கலவை, மற்றொன்றில் ஒரே ஒரு மாற்றம் செய்த கலவை. போட்ட தீவனத்தை எடை போட்டு எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து இரண்டையும் எடை பாருங்கள். எலும்புக் குறைக்கு நான்கு வாரம் போதாது, இரண்டு மாதமாவது வேண்டும்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு மூட்டையின் மேலாக ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பாதீர்கள். அஃப்லாடாக்சின் மூட்டை முழுக்கப் பரவியிருக்காது, அங்கங்கே திட்டாக இருக்கும். ஐந்தாறு மூட்டைகளின் மேல், நடு, அடியிலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைக் காற்றுப் புகாமல் கட்டி, வாங்கிய தேதியையும் மீன் இனத்தையும் நீங்கள் கண்ட அறிகுறியையும் எழுதி அனுப்புங்கள். "புரதம் பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் புரதத்தை மட்டுமே பார்ப்பார்கள். ஈரப்பதம், அஃப்லாடாக்சின், சோயா என்றால் யூரியேஸ், மொத்தப் பாஸ்பரஸ் என்று வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ, உவர்நீர் மீன் என்றால் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தையோ முதலில் தொடர்புகொண்டு, எந்தச் சோதனைகள் செய்து தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். அதே மாதிரியில் இன்னொரு அரைக் கிலோவைக் கட்டி உங்கள் வீட்டில் உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்தபின் வியாபாரியிடம் பேச அது வேண்டியிருக்கும்.